கப்பலூர் கொட்டேஷனும் காதணி விழாவும்

போன திங்கட்கிழமை காலை. ஸ்கூட்டி சாவியைக்கூடப் பைக்குள் போடவில்லை, ஆபீஸ் போன் அடித்தது.

"நான் கப்பலூர்ல இருந்து ஸ்டெல்லா பேசுறேன். என் மெயிலை என்ன செஞ்சீங்க?"

குட் மார்னிங் கிடையாது. நேரே விசாரணை. ஸ்டெல்லா அக்கா அப்படித்தான். மிஷன் ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் இறந்ததும் வேலையை விட்டுவிட்டு, அவர் ஆரம்பித்த ரப்பர் பட்டறையை ஏற்று நடத்துகிறார். பம்புகளில் தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கிற சின்ன வளையங்கள்தான் தயாரிப்பு. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். பட்டறையிலும் அவர் டீச்சர்தான் என்று கேள்வி.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: கே.கே. நகரில் (சென்னையில் இருப்பது இல்லை, மேலூர் ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது), ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இயங்கும் வெப் ஹோஸ்டிங் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் இருப்பது கடல் தாண்டி. அதன் தலைவலி மட்டும் கே.கே. நகரில்.

"என்னக்கா ஆச்சு?"

"ஜெர்மனிக்கு அனுப்புன கொட்டேஷன் திரும்பித் திரும்பி வருது. கூடவே ஒரு இங்கிலீஷ் லெட்டர். எங்க சர்வர் கறுப்புப் பட்டியல்ல இருக்காம். நான் என்ன கடத்தலா பண்றேன்?"

அந்த ஜெர்மன் கம்பெனியைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். சாம்பிள் அனுப்பி, அவர்கள் குறை சொல்லி, அச்சை மாற்றி, மறுபடி அனுப்பி... நீண்ட காலமாக நடக்கிற கல்யாணப் பேச்சு அது. கடைசி விலையும் வரைபடங்களும் அன்றைக்கு அவர்கள் ஊர் மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நம் கணக்குக்கு மாலை டிபன் நேரம்.

"வேற ஓசி மெயில்ல இருந்து அனுப்புங்களேன்க்கா."

"எனக்குத் தெரியாதா? கம்பெனி பேர்ல பதிஞ்ச முகவரியில இருந்து வந்தாத்தான் எடுத்துக்குவாங்களாம். ஃபேக்ஸ்ல படம் அம்புட்டும் கரிக்கட்டையா விழுது. இந்தா பாரும்மா... இந்த ஆர்டர் வந்தா ரெண்டாவது ஷிப்டு ஓடும். வரலைன்னா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பாதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பணும். அதை நீ வந்து சொல்றியா, நான் சொல்லட்டா?"

நான் சொல்வதாக இல்லை. "பார்க்கிறேன்க்கா" என்று வைத்தேன்.

சர்வரில், வெளியே போகவேண்டிய மெயில்கள் காத்து நிற்க ஒரு வரிசை உண்டு. சாதாரண நாளில் அது மத்தியான நேரத்து டவுன் பஸ். காற்றாடும். அன்றைக்குத் திறந்து பார்த்தால் அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டம். ஸ்க்ரோல் பண்ணப் பண்ணத் தீரவில்லை.

சரி, யாரோ நம் சர்வருக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். வாலிப மாத்திரையாக இருக்கும். அல்லது அப்பா விட்டுப்போன சொத்தை என்னிடம் கொடுக்கத் துடிக்கும் ஏதோ ஒரு நாட்டு இளவரசர். ஒரு மெயிலைத் திறந்தேன்.

மேலே பிள்ளையார். கீழே மொட்டைத்தலையுடன் ஒரு குழந்தை. சிரிக்கவில்லை, முறைத்தது. அதற்குக் கீழே, 'காதணி விழா அழைப்பிதழ்.'

ஸ்பேம் தடுப்பு பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வகை இல்லை.

அழைப்பிதழ் முழுசாக ஸ்கேன் செய்யப்பட்ட ஒரே படம். தாய்மாமன்மார் ஒரு பத்தி. சித்தப்பாமார் ஒரு பத்தி. 'நல்வரவை நாடும்' என்று இரண்டு பத்தி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர், தொழில், சிலருக்குப் போட்டோ. ஒரு மெயிலின் எடையே டிராக்டர் லோடு.

அனுப்பியவர் முத்துப்பாண்டி. எங்கள் கஸ்டமர்தான். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர், மேலூர் ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். மண்டபத்துக்கு ஒரு இணையதளம் செய்துகொடுத்திருக்கிறோம். அவருடைய மருமகன் ஏதோ கம்ப்யூட்டர் கடையில் ஒரு சி.டி. வாங்கி வந்திருக்கிறார். உலகத்து இமெயில் முகவரிகள் எல்லாம் அதில் அடக்கம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். மொத்தமாக மெயில் அனுப்பும் ஒரு புரோகிராமை மண்டபத்து இணையதளத்தில் ஏற்றி, சி.டி.யைக் கொட்டி, பட்டனைத் தட்டிவிட்டார். பேரனுக்குக் காது குத்தும் செய்தி பிரேசில் வரை போய்க்கொண்டிருந்தது.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அப்புறம் யோசித்தேன். இதில் ஆச்சரியம் என்ன?

பத்திரிகை வைக்காத ஒரே காரணத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் உங்கள் தெருவில் இல்லையா? பத்திரிகையில் பெயர் இரண்டாவது வரியில் வந்ததற்காக விசேஷத்துக்கே வராத மாமாக்கள்? "வந்து வைக்கலை, ஆள் விட்டு வைச்சாங்க" என்று பத்து வருஷம் சொல்லிக் காட்டும் அத்தைகள்? நம் ஊரில் ஒருவரைக் கூடுதலாக அழைத்ததற்கு யாரும் சண்டை போட்டதில்லை. விட்டுப்போனால்தான் வெட்டு, குத்து. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதரிடம் உலகத்து முகவரி முழுவதையும் கொடுத்தால் அவர் வேறு என்னதான் செய்வார்? அவருக்கு அது ஸ்பேம் இல்லை. மரியாதை.

ஆனால் மரியாதையை வாங்கிக்கொண்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. முன்பின் தெரியாத மொழியில், முறைக்கும் குழந்தை படத்துடன் மெயில் வந்ததும் புகார் கொடுத்துவிட்டார்கள். ஸ்பேம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியல் போட்டு உலகத்துக்கு அறிவிக்கிற அமைப்புகள் உண்டு. அதில் எங்கள் சர்வர் ஏறிவிட்டது.

முத்துப்பாண்டி செய்ததற்கு ஸ்டெல்லா அக்கா ஏன் மாட்டினார்? நீங்கள் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கேட், ஒரே கதவு எண், உள்ளே வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டில் தினமும் குடித்துவிட்டுச் சத்தம் போட்டால், ஆட்டோக்காரர் என்ன சொல்வார்? "அந்தக் காம்பவுண்டா? வரலைங்க." எங்கள் சர்வரும் அதுதான். நூற்றுக்கணக்கான இணையதளங்கள், வெளியே தெரிவது ஒரே கதவு எண்.

எங்கள் எம்.டி. பாஸ்கர் சாரிடம் போனேன்.

"சார், மண்டபத்துக் கணக்கை நிறுத்தணும்."

"ஐயய்யோ! வியாழக்கிழமை விசேஷம்மா. அம்புட்டும் நம்ம ஆளுக."

"உலகத்துக்கே பத்திரிகை போயிட்டிருக்கு சார்."

"எங்க, காட்டு." திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கீழ் மூலையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "பாத்தியா? 'கணினி வித்தகர் பாஸ்கர், கே.கே. நகர்.' போட்டோவும் போடுறேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

கணினி வித்தகரிடம் ஆறு மாதத்துக்கு முன் நான் ஒரு தாள் கொடுத்திருந்தேன். பட்டியல் போடுவது என் வியாதி, வாசகர்களுக்குத் தெரியும். ஒன்று, ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில்தான் என்று வரம்பு. அதற்கு அவர் சொன்ன பதில்: "கஸ்டமர் கோவிச்சுக்குவாரு." இரண்டு, பாஸ்வேர்டு கொடுக்காமல் யாரும் எங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்ப முடியாது. பதில்: "கஸ்டமர் மறந்துருவாரு." மூன்று, மொத்தமாக மெயில் அனுப்பும் புரோகிராம்களைக் கேட்காமல் ஏற்றக்கூடாது. பதில்: "கேட்டா நம்ம இல்லைன்னு சொல்லணும், அது நல்லாவா இருக்கும்?" நான்காவதை அவர் படிக்கவில்லை. தாளின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டார்.

"சார், பத்திரிகையில மட்டும் இல்லை, பிளாக்லிஸ்ட்லயும் நம்ம பேர் இருக்கு. கப்பலூர் ஸ்டெல்லா மேடத்தோட கொட்டேஷன் சாயங்காலத்துக்குள்ள போகணும். போகலைன்னா அவங்க நேரா இங்கதான் வருவாங்க."

பாஸ்கர் சார் எழுந்தார். ஸ்டெல்லா அக்காவிடம் அவருக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

"நீ என்னத்தையாவது செய். நான் பாக்கலை" என்று டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

எங்கள் ஆபீஸில் 'நான் பாக்கலை' என்றால் எழுத்துபூர்வமான அனுமதிக்குச் சமம்.

முதலில் மண்டபத்துக் கணக்கை நிறுத்தினேன். புரோகிராமை அழித்தேன். வரிசையில் நின்ற பத்திரிகைகளைக் கூண்டோடு காலி செய்தேன். பிறகு, கைதான் வைத்துவிட்டோமே என்று, தாளில் இருந்த முதல் மூன்றையும் எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்தே போட்டுவிட்டேன். அடுத்து, பட்டியல்காரர்களுக்கு மனு. அவர்கள் இரண்டே கேள்வி கேட்பார்கள். என்ன நடந்தது? இனி நடக்காமல் இருக்க என்ன செய்தாய்?

இரண்டாவதற்குப் பதில் சுலபம். முதல் கேள்விக்கு, காதணி விழாவை ஆங்கிலத்தில் விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'உடம்பில் துளை போடும் அந்தக் கடையின் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்பதை உறுதி செய்யவும்.'

தாய்மாமன் மடி, சீர், ஆட்டுக்கறி விருந்து என்று விளக்கப் போனால் தீபாவளி வந்துவிடும். 'உறுதி செய்கிறேன்' என்று அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்று பதில் வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அரசு அலுவலகம் எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

மத்தியானம் ஸ்டெல்லா அக்கா நேரில் வந்துவிட்டார். கையில் கொட்டேஷனும் வரைபடங்களும் இருந்த சி.டி. என் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பரீட்சை ஹாலில் கண்காணிக்கிற பார்வை. நான் எத்தனை தடவை 'ரெஃப்ரெஷ்' அமுக்குகிறேன் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து வந்தவர் முத்துப்பாண்டி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அக்குளில் பத்திரிகைப் பை. வாசலிலேயே ஆரம்பித்தார்.

"யாரு தங்கச்சி, எம் பேரன் பத்திரிகையை நிறுத்துனது?"

"நான்தாண்ணே."

"நல்ல காரியத்தை நிறுத்தலாமா? இன்னும் எம்புட்டோ பேருக்குப் போகணும்னு எங்க மாப்ள சொல்றாரு. பாதிப் பேருக்கு வச்சிட்டு மீதிப் பேரை விட்டா நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவுக முன்னாடி நிப்பேன்?"

"அவங்களை எல்லாம் உங்களுக்குத் தெரியாதேண்ணே?"

"தெரியாதவுக வந்தா சோறு இல்லைன்னா சொல்லப்போறேன்? முத்துப்பாண்டி வீட்டு விசேஷத்துல எலை பத்தலைன்னு பேச்சு வந்திருக்கா?"

எந்தப் பாதுகாப்பு நிரலும் இந்த வாதத்துக்குத் தயாராக இல்லை. ஸ்டெல்லா அக்கா நாற்காலியைத் திருப்பினார்.

"உங்க பத்திரிகை எனக்கும் வந்துச்சு. நான் யாருன்னு தெரியுமாண்ணே?"

"தெரியலையேம்மா. அதனால என்ன, கண்டிப்பா வாங்க. ஆட்களையும் கூட்டிட்டு வாங்க."

"வாரேன். எங்க பட்டறையில இருக்கற பிள்ளைக அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வாரேன். வியாழக்கிழமை ஒருநா சாப்பிட்டுருவாளுக. வெள்ளிக்கிழமைக்கு?"

"என்னம்மா சொல்றீக?"

"உங்க பத்திரிகை போன வேகத்துல என் மெயிலை எவனும் வாங்க மாட்டேங்கறான். இன்னைக்கு டிபன் நேரத்துக்குள்ள இந்த சி.டி.யில இருக்கறது ஜெர்மனிக்குப் போகலைன்னா அவளுக வேலை போச்சு. நீங்க பேரனுக்குக் காது குத்துறீங்க. குத்துங்க. எங்க காதை ஏன் அறுக்குறீங்க? கணக்கை வரி வரியா எழுதணும், நடுவுல ஒரு வரியை விட்டா விடை தப்பும்னு இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவ நான்..."

"டீச்சருங்களா?"

"ஆமா."

முத்துப்பாண்டி அதுவரை சுவரில் சாய்ந்திருந்தார். நிமிர்ந்தார். அக்குளில் இருந்த பை கைக்கு வந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீக டீச்சர். மெயிலுன்னா காத்துல போறதுன்னு நெனைச்சேன். இன்னொருத்தவுக சோத்துல விழும்னு தெரியாது. என்ன செய்யணும் சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யாம இருக்கணும்" என்றேன் நான்.

இதைவிடக் கடினமான வேலையை நம் ஊர்க்காரர் யாரிடமும் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் தலையாட்டினார். டீச்சருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

டீ குடித்து முடித்த பாஸ்கர் சார் படியிலேயே அவரைச் சந்தித்திருக்கிறார். மேலே வந்ததும் முதல் வேலையாக, "பாவம்மா, மண்டபம் புக்கிங் மெயிலும் வராம கிடக்கு. கணக்கைத் திறந்துவிடு. அவர்தான் சரின்னுட்டாரே" என்றார். திறந்துவிட்டேன். வரம்பு போட்டிருப்பதைச் சொல்லவில்லை. அவர்தான் பார்க்கவில்லையே!

டிபன் நேரம் நெருங்கியது. கீழே பஜ்ஜி வாசனை ஏறியது. 'பரிசீலனையில்' என்ற சொல் மட்டும் திரையில் அப்படியே நின்றது. ஸ்டெல்லா அக்காவின் டீ ஆடை கட்டிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சி.டி. உறையின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். இந்த அக்கா பதற்றப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சும்மா இருக்க முடியாமல் மெயில் வரிசையை எட்டிப் பார்த்தேன்.

மறுபடியும் அழகர் கூட்டம்!

அதே பிள்ளையார். அதே குழந்தை. அதே முறைப்பு. தலைப்பு மட்டும் வேறு: 'தவறுக்கு வருந்துகிறோம்.' சி.டி.யில் இருந்த ஒருவர் விடாமல் எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டிருந்தார் முத்துப்பாண்டி. அழித்த புரோகிராமை, புது விதியைப் படிக்காத மருமகன் திரும்பவும் ஏற்றிவிட்டார். பட்டியல்காரர்கள் எங்கள் மனுவைப் பரிசீலித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்!

ஆனால் வரிசை நகரவில்லை. முதல் கைப்பிடி மன்னிப்பு வெளியே போயிருந்தது. மீதி எல்லாம் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றன. காலையில் போட்ட வரம்பு. வரிசையை மறுபடி காலி செய்தேன். இந்தத் தடவை கணக்கைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது.

"தங்கச்சி, மன்னிப்புக் கேட்டாக்கூடத் தடுப்பீகளா?"

"ஒருத்தர்கிட்ட கேட்டாப் போதும்ணே. அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க."

ரிசீவரை ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இந்தப் பக்கம் "ம்... ம்... சரி, சரி. வைங்க" மட்டும்தான் கேட்டது. அவர் ரிசீவரை வைத்தபோது திரையில் அந்தச் சொல் மாறியிருந்தது. 'நீக்கப்பட்டது.'

சி.டி.யைப் போட்டோம். அக்காவே தட்டச்சு செய்தார், ஒரு விரலால், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். அனுப்பினார். திரும்பி வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு ஒரு மெயில் வந்தது. அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான்தான் திறந்தேன். 'உங்கள் கொட்டேஷன் நேரத்துக்குள் கிடைத்தது. நன்றி.'

"ஸ்தோத்திரம்" என்றார் அக்கா. ஆடை கட்டிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

இந்தத் தொழிலுக்கு வந்தபின் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். உலகத்தில் ஸ்பேம் அனுப்புகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாரும் 'தகவல்'தான் அனுப்புகிறார்கள். வீட்டு விசேஷம், ஆடித் தள்ளுபடி, டியூஷன் சென்டர், பூர்வீக வைத்தியம். நமக்கு வருவது குப்பை. நாம் அனுப்புவது விஷயம். சர்வருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அதனிடம் பொறுப்பைக் கொடுப்பது நல்லது.

பாஸ்கர் சார்? வரம்பைப் பற்றி மறுநாள் தெரிந்துகொண்டார். அதற்கு அடுத்த நாள் எங்கள் விளம்பர நோட்டீஸில் 'ஸ்பேம் பாதுகாப்புடன்' என்று புது வரி ஏறிவிட்டது. கணினி வித்தகர் ஆயிற்றே.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். குரலில் தேன்.

"ஆர்டர் வந்திருச்சும்மா! ரெண்டாவது ஷிப்டுக்குப் பிள்ளைகளை வரச் சொல்லிட்டேன்."

எனக்கும் சந்தோஷம். உண்மையான சந்தோஷம். சொன்னேன்.

"இன்னொரு சின்ன விஷயம். கிறிஸ்துமஸ் வருதுல்ல? வாழ்த்தோட எங்க கேட்டலாக்கையும் சேர்த்து வெளிநாட்டு பம்பு கம்பெனி எல்லாத்துக்கும் போடலாம்னு இருக்கேன். சென்னை எக்ஸிபிஷன்ல ஒரு சி.டி. கொடுத்தாங்க, அம்புட்டு முகவரியும் இருக்கு."

"அவங்க எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்களாக்கா?"

"இனிமே தெரிஞ்சுக்குவாங்க. அதனால அந்த வரம்பு இருக்குல்ல... எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு எடுத்துவிடும்மா."

டீச்சரிடம் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. சர்வர் சொல்லிக்கொள்ளும்.